இரவு எட்டு முதல் பத்து வரை: ரீல்ஸா, கீரையா, மாவடுவா, செண்டையா?

கோவிந்தாபுரம், மீனாட்சிபுரம், வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை என்று எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து வேலைக்குப் போய் வருகிறவர்களுக்கு ஒரு நாளில் சொந்தமாக மிஞ்சுவது இரவு எட்டு மணியிலிருந்து பத்து வரைதான். பொள்ளாச்சி நார் மில்லோ, பாலக்காட்டு ஆபீஸோ, முதலமடை மாந்தோப்போ, எங்கிருந்து வந்தாலும் குளித்துச் சாப்பிட்டு உட்காரும்போது உடம்பில் சார்ஜ் இருக்காது, போனில் இருக்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்கு என்னென்ன வழிகள் உண்டு, யாருக்கு எது சரிப்படும் என்று பார்க்கலாம்.

எடுத்துக்கொண்டவை ஐந்து. போனைக் கட்டுப்படுத்திவிட்டுச் சும்மா இருப்பது, மொட்டை மாடியில் கீரை போடுவது, மாவடு போடுவது, மலையாளம் படிக்கக் கற்பது, செண்டையோ மிருதங்கமோ பழகுவது. முதலாவதைத் தவிர மற்ற நான்கிலும் பலன் தள்ளித்தான் வரும். தள்ளி வரும் பலன்தான் தங்கும் என்பதால்தான் இவற்றை எடுத்துக்கொண்டது.

எதை வைத்து அளப்பது

நான்கு கேள்விகள் போதும். உட்கார்ந்த இடத்திலிருந்து தொடங்க எவ்வளவு நேரம் ஆகிறது? முதல் அறிகுறி எப்போது கண்ணில் படும்? மூன்று நாள் விட்டுப்போனால் என்ன கெடும்? ஒரு மாதம் கழித்துக் கையில் என்ன இருக்கும்?

போனை இந்தக் கேள்விகளுக்கு முன்னால் நிறுத்திப் பாருங்கள். தொடங்க இரண்டு விநாடி. முதல் சிரிப்பு அடுத்த விநாடி. மூன்று நாள் விட்டாலும் ஒன்றும் கெடாது, அதே இடத்தில் காத்திருக்கும். நான்கில் மூன்று கேள்விக்குப் போன்தான் முதலிடம். நான்காவதில் மட்டும் பூஜ்யம். போன வாரம் பார்த்த ரீல்ஸில் மூன்றைச் சொல்லுங்கள் என்றால் பெரும்பாலோர் முழிப்பார்கள். ஆனால் களைத்துப்போன மனிதர் இரவு எட்டரைக்கு நான்காவது கேள்வியைக் கேட்டுக்கொள்ள மாட்டார். எனவே மன உறுதி போதவில்லை என்று தன்னையே திட்டிக்கொள்வதில் பிரயோஜனம் இல்லை. ஆட்டமே ஒருதலையாகத்தான் நடக்கிறது.

காத்திருப்பு என்று பேச்செடுத்தால் மார்ஷ்மெல்லோ சோதனையை இழுக்காதவர் இல்லை. 1960-களின் கடைசியில் ஸ்டான்ஃபோர்டில் வால்டர் மிஷெல் தொடங்கியது அது. ஒரு மிட்டாயை இப்போதே தின்னலாம், நான் திரும்பி வரும்வரை பொறுத்தால் இரண்டு என்று குழந்தையிடம் சொல்லிவிட்டு வெளியே போய்விடுவார்கள். பொறுத்த குழந்தைகள் பிற்காலத்தில் நன்றாக வந்தார்கள் என்று அதை வைத்து ஏகப்பட்ட பிரசங்கம் நடந்தாயிற்று. தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களோடு 2018-ல் மறுபடி பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியாகச் சுருங்கியது. குடும்பப் பின்னணியைக் கணக்கில் சேர்த்ததும் இன்னும் சுருங்கியது.

நமக்கு உதவுவது வேறொரு சோதனை. ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் செய்து 2013-ல் வெளியிட்டது. மிட்டாயைக் காட்டுவதற்கு முன்பே குழந்தைகளிடம், "நல்ல கிரேயான் எடுத்துட்டு வரேன், பொறு" என்றார்கள். பாதிப் பேருக்குச் சொன்னபடி கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம் இல்லை என்று கையை விரித்தார்கள். அப்புறம்தான் மிட்டாய். வாக்குக் காப்பாற்றப்பட்ட 14 குழந்தைகளில் 9 பேர் பதினைந்து நிமிடமும் பொறுத்தார்கள். கைவிரிக்கப்பட்ட 14 பேரில் பொறுத்தது ஒரே ஒரு குழந்தை.

பொறுமையில் பெரும்பகுதி, முன்பு பொறுத்ததற்குப் பலன் வந்ததா என்ற கணக்கு. மூன்று மாதத்தில் நின்ற ஜிம், பாதியில் விட்ட இந்தி வகுப்பு, கட்டில் அடியில் தூசி படிந்து கிடக்கும் கீபோர்டு: இவை ஒவ்வொன்றும் நாமே நமக்கு விரித்த கை. நாலைந்து முறை இப்படி ஆனவர், அடுத்த முறை பொறுக்காமல் போனை எடுப்பது அவரளவில் நியாயமான முடிவுதான். ஆகவே இந்த ஐந்தில் எது உயர்ந்தது என்று பார்ப்பதைவிட, சொன்ன சொல்லை எது முதலில் காப்பாற்றும் என்று பார்க்க வேண்டும்.

இடையில் ஒரு வார்த்தை. "டோபமைன் டீடாக்ஸ்" என்ற பெயரில் ஒரு நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லும் வீடியோக்களை விட்டுவிடலாம். டோபமைன் மூளை நரம்பணுக்கள் சுரக்கும் ஒரு ரசாயனம், உடம்பில் தேங்கி வடியும் கழிவு கிடையாது. எதிர்பாராத நல்லது வரும்போது அந்த நரம்பணுக்கள் துள்ளுகின்றன, எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடி வந்தால் துள்ளுவதில்லை என்று வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸும் கூட்டாளிகளும் 1997-லேயே எழுதிவிட்டார்கள். அடுத்த ரீல் என்னவென்று தெரியாததுதான் அங்கே இழுப்பு. கீரையில் அந்தத் துள்ளல் வராது. முதல் இரண்டு வாரம் சப்பென்று இருக்கும். சப்பென்று இருப்பதை வைத்து "இது நமக்கு ஒத்துவராது" என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

போனை மட்டும் கட்டிப்போட்டால்

ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோனில் ஸ்கிரீன் டைம். இரண்டும் 2018-ல் வந்தவை. ஒரு ஆப்புக்கு நாளுக்கு முப்பது நிமிடம் என்று டைமர் வைக்கலாம். சிக்கல் என்னவென்றால், டைமர் தீர்ந்ததும் நீட்டிக்கும் விரலும் அதே கையில்தான் இருக்கிறது. ஐபோனில் ஸ்கிரீன் டைமுக்கு பாஸ்கோடு உண்டு, அதை வீட்டில் வேறொருவர் போட்டு வைத்துக்கொண்டால் ஓரளவு பிடிக்கும்.

டைமரைவிட நன்றாக வேலை செய்வது யூடியூபில் வாட்ச் ஹிஸ்டரியை நிறுத்தி, பழையதையும் அழித்துவிடுவது. 2023 ஆகஸ்டிலிருந்து, ஹிஸ்டரி இல்லாதவர்களுக்கு முகப்பில் சிபாரிசு வீடியோக்கள் வருவதில்லை, வெறும் தேடல் கட்டம்தான். வேண்டியதைத் தேடிப் பார்க்கலாம், தானாக எதுவும் வந்து விழாது. திரையைக் கறுப்பு வெள்ளையாக்குவதும் கொஞ்சம் உதவும், ஆனால் பத்து நாளில் கண் பழகிவிடும்.

எல்லாவற்றையும்விட எளியது, சார்ஜரைச் சமையலறைக்கு மாற்றுவது. கூப்பிட்டால் மணி கேட்க வேண்டும், கை எட்டக் கூடாது. மில் சூப்பர்வைசரோ லோடு வண்டி ஓட்டுகிறவரோ இரவில் அழைப்பை எடுக்காமல் இருக்க முடியாது, அதனால் ஆஃப் செய்யுங்கள் என்று சொல்வதில் அர்த்தமில்லை. காலை அலாரத்துக்கு ஒரு அலாரக் கடிகாரம் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் அலாரத்தைச் சாக்குச் சொல்லிப் போன் மறுபடி தலைமாட்டுக்கு வந்துவிடும். பட்டன் போனுக்கே மாறுகிறவர்களும் உண்டு. பணம் அனுப்ப முடியாதே என்ற கவலைக்கு, பட்டன் போனிலும் செல்லும் யூபிஐ 123பே 2022 மார்ச்சிலிருந்து இருக்கிறது. ஆனால் டீக்கடை க்யூஆர் கோடு முன்னால் தடுமாறத் தயாராக இருக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும், இது மட்டுமே போதாது. 2020 ஜூன் 29-ம் தேதி டிக்டாக்கைத் தடை செய்தார்கள். ஜூலையில் ரீல்ஸ் வந்தது, செப்டம்பரில் ஷார்ட்ஸ் வந்தது. ஒன்றை எடுத்த இடம் எத்தனை நாள் காலியாகக் கிடக்கும் என்பதை நாடே பார்த்திருக்கிறது. வீட்டுக்குள்ளும் அதேதான். போனைச் சமையலறையில் வைத்தவர் டிவி ரிமோட்டை எடுப்பார்.

மொட்டை மாடிக் கீரை

வாக்கை விரைவாகக் காப்பாற்றுவது இது. சிறுகீரை, அரைக்கீரை இரண்டும் மூன்று நான்கு நாளில் முளைவிடும், 22 முதல் 25 நாளில் அறுப்பு. ஒரு மாதத்துக்குள் தட்டில் விழுந்துவிடும். வெண்டையும் தட்டைக்காயும் காய்க்க 45 முதல் 50 நாள் ஆகும், அவற்றை இரண்டாவது சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், முக்கால் அடி உயரமுள்ள குரோபேக் இரண்டு போதும். செம்மண், மக்கிய சாணி எரு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) மூன்றும் சம அளவு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கோகோபீட்டுக்குப் பொள்ளாச்சியைவிட நல்ல இடம் கிடையாது, ஆனால் தோற்பதும் அங்கேதான். ஐந்து கிலோ கட்டி தண்ணீரில் ஊறினால் எழுபது லிட்டர் அளவுக்கு உப்பிவரும். கடையில் "லோ ஈசி" (உப்பு குறைந்தது) என்று கேட்டு வாங்க வேண்டும். கழுவாத "ஹை ஈசி" கட்டியில் உப்பு நிறைய இருக்கும், முளைத்த கீரை பத்தாம் நாள் நுனி கருகி நின்றுவிடும். எதுவாக இருந்தாலும் ஒரு ராத்திரி ஊறவைத்து, பிழிந்து, தண்ணீரைக் கொட்டி, இன்னொரு முறை அலசிவிடுவது நல்லது. வீட்டு போர்த் தண்ணீரே உப்பாக இருந்தால் அலசியும் பலனில்லை. அங்கே மழைத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ வேண்டும்.

விதை ஒரு பைக்கு இரண்டு சிட்டிகை. ஒரு கைப்பிடி மணலில் கலந்து தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு, பூவாளியில் தண்ணீர். நேராக ஊற்றினால் விதை ஒரு மூலையில் போய்க் கூடிவிடும். எறும்பு விதையை இழுத்துக்கொண்டு போகும், பையைச் சுற்றி அரிசிமாவோ ரவையோ தூவினால் அதை எடுத்துக்கொண்டு விதையை விட்டுவிடும். பத்தாம் நாள் நெருக்கமாக இருப்பதைக் களைந்துவிடுங்கள். மனசு வராமல் எல்லாவற்றையும் விட்டுவைப்பவர்களுக்குத்தான் தண்டு அழுகும். சிறுகீரையை வேரோடு பிடுங்கலாம், அரைக்கீரையை இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் மறுபடி தழைக்கும்.

இரவு எட்டு மணிக்கு இதில் என்ன வேலை? தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. இரவில் இலை நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும், அது காலை வேலை. பகலில் மண்ணுக்குள் ஒளிந்திருக்கும் வெட்டுப்புழு இரவில்தான் மேலே ஏறும். டார்ச்சோடு போய் இலையைத் திருப்பிப் பார்த்துப் பொறுக்கிப் போட இருபது நிமிடம் ஆகும். தட்டைக்காயில் அசுவினி வந்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், எண்ணெய் தண்ணீரில் கலப்பதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல்.

இந்தப் பக்கத்துக்கென்றே ஒரு தொல்லை, காற்று. வைகாசியிலிருந்து ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில் பந்தல் நிற்பது கஷ்டம். பந்தலைக் கிழக்கு மேற்காக நீட்டிக் கட்டினால் காற்று ஊடே போய்விடும். வடக்கு தெற்காகக் கட்டினால் பாய்மரம் மாதிரி இழுத்துக்கொண்டு போகும்.

கீரையின் பலவீனம் மூன்றாவது கேள்வியில் இருக்கிறது. மாசி, பங்குனி வெயிலில் மூன்று நாள் தண்ணீர் இல்லையென்றால் நாற்று மொத்தமும் போய்விடும். அடிக்கடி வெளியூர் போகிறவர், ஷிப்ட் மாறுகிறவர் இதில் தொடங்கினால் இன்னொரு கைவிரிப்புத்தான் மிச்சம்.

மாவடு

தை கடைசியில் தொடங்கிப் பங்குனி வரை கிடைக்கும். சித்தூர் பகவதி கோயிலில் கொங்கன்படை விழா நடக்கும் கும்ப மாதம் (நம் மாசி) நல்ல பருவம். (ஆந்திரத்துச் சித்தூர் வேறு, இது பாலக்காட்டுச் சித்தூர். கொங்கர்களைத் தோற்கடித்ததைக் கொண்டாடும் விழாவுக்குக் கொங்கு நாட்டிலிருந்தே ஆட்கள் போய் வேடிக்கை பார்த்துவிட்டு வருவார்கள்.) தமிழர் மாவடு என்பதும் மலையாளிகள் கண்ணிமாங்கா என்பதும் ஒரே பிஞ்சுதான்.

நாட்டு மரத்துப் பிஞ்சாக இருக்க வேண்டும், கோலிக்குண்டுக்கு மேலே, எலுமிச்சைக்குக் கீழே. காம்பு அரை அங்குலமாவது இருக்க வேண்டும். ஒன்றின் காம்பை ஒடித்துப் பாருங்கள், பால் சுர்ரென்று தெறிக்கும். அந்த வாசம்தான் பின்னால் ஊறுகாயின் வாசம். காற்றில் உதிர்ந்ததை வாங்கக் கூடாது. அடிபட்ட பிஞ்சு வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே கறுத்திருக்கும், மூன்றாம் வாரம் குழைந்து கூட இருப்பதையும் கெடுக்கும்.

ஒரு கிலோ பிஞ்சுக்கு 150 கிராம் கல்லுப்பு, ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூள், இரண்டு டீஸ்பூன் விளக்கெண்ணெய். பிஞ்சைக் கழுவித் துணியில் பரப்பி நிழலில் ஈரம் போகக் காயவிட்டு, எண்ணெயைப் பூசிப் பிசறி, இரண்டு லிட்டர் பரணியில் ஒரு அடுக்கு பிஞ்சு, ஒரு அடுக்கு உப்பு என்று போட வேண்டும். பரணி பெரிதாக இருப்பது குலுக்க இடம் வேண்டும் என்பதற்காக. உப்பைக் குறைத்து நூறு கிராமுக்குக் கீழே இறங்கினால் பிஞ்சு குழையும், மேலே வெள்ளைப் படலம் கட்டும். ரத்த அழுத்தத்துக்குப் பயந்து உப்பைக் குறைப்பவர்கள் தின்னும் அளவைக் குறைக்கட்டும், போடும் அளவைக் குறைக்க வேண்டாம்.

அப்புறம் காலையில் ஒரு முறை, இரவு ஒரு முறை குலுக்குவதுதான் வேலை. முதல் நாள் குலுக்கும்போது கூழாங்கல் உருளும் சத்தம். மூன்றாம் நாள் அடியில் தண்ணீர் விட்டிருக்கும், சத்தம் களக் களக் என்று மாறும். ஐந்தாம் நாள் மூடியைத் திறந்தால் பச்சை நிறம் மங்கி, காம்பைச் சுற்றி முதல் சுருக்கம் விழுந்திருக்கும். ஏழெட்டு நாளில் பிஞ்சு முழுக்கச் சுருங்கி உப்புத் தண்ணீருக்குள் அமுங்கிவிடும். தினமும் காதுக்கும் கண்ணுக்கும் ஒரு அடையாளம் கிடைக்கிறது, அதுவும் அரை நிமிட வேலைக்கு. இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இந்த ஐந்தில் வேறு எதிலும் இல்லை.

எட்டாம் நாள் அந்தத் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து, வெயிலில் காய்ந்த வரமிளகாய் 40 கிராம், கடுகு 25 கிராம் சேர்த்து அரைத்து, திரும்பக் கலந்து மூடிவிட வேண்டும். இன்னும் பத்துப் பதினைந்து நாளில் தயிர்சாதத்துக்குத் தயார். பாலக்காட்டுப் பக்கத்தில் இதற்கும் அவசரப்பட மாட்டார்கள். உப்பிலேயே மூன்று வாரம் சுருங்கவிட்டு, பிறகு மிளகாயும் கடுகும் சேர்த்து, நல்லெண்ணெயில் நனைத்த துணியை மேலே போட்டுப் பரணியின் வாயை இறுக்கிக் கட்டி, மாதக்கணக்கில் தொடாமல் வைத்துவிடுவார்கள். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லை என்ற பழமொழி நம் ஆட்களுக்குத்தான் போலிருக்கிறது. ஈரக் கரண்டி மட்டும் பட்டுவிடக் கூடாது.

காத்திருக்கும் நாட்களே ஒரு சுகம் என்பதற்கும் ஆதாரம் உண்டு. நெதர்லாந்தில் விடுமுறைப் பயணம் போகிறவர்களை வைத்துச் செய்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், போகாதவர்களைவிட அவர்கள் மகிழ்ச்சியாக இருந்தது பயணத்துக்கு முந்தைய நாட்களில்தான். திரும்பி வந்தபின் பெரும்பாலோரிடம் வித்தியாசமே இல்லை. மூடி திறக்காத பரணி அந்த முந்தைய நாட்களை நீட்டித் தருகிறது.

குறையையும் சொல்லிவிட வேண்டும். மாவடு நம்பிக்கையை நிரப்பும், நேரத்தை நிரப்பாது. குலுக்கி முடித்தபின் மீதி ஒரு மணி ஐம்பத்தொன்பது நிமிடம் அப்படியே இருக்கும்.

மலையாளம் படிக்க

பேச்சு பாதிக்கு மேல் ஏற்கெனவே புரியும், எழுத்துத்தான் தெரியாது என்ற நிலையில் இந்தப் பக்கத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பாதிக் கிணறு தாண்டிய வேலை.

மலையாளத்தில் மெய்யெழுத்து 36. தமிழில் உள்ள 18-ல் ன மட்டும் அங்கே தனியாக இல்லை, ந-வே இரண்டுக்கும். ஆக 17 எழுத்துக்கு ஒலி ஏற்கெனவே தெரியும், வடிவம் மட்டும்தான் புதிது. அவற்றை முதலில் முடியுங்கள். மீதி 19-ல் வல்லின வர்க்கங்களுக்கு மூன்று மூன்றாகப் பதினைந்து, ஸ, ஹ போன்றவை நான்கு. இவற்றோடு நமக்குத் தெரிந்த உயிரெழுத்து 12, நம் புள்ளி வைத்த எழுத்துகளுக்குச் சமமான சில்லெழுத்து ஐந்து. மொத்தம் 53, நாளுக்கு மூன்று என்றால் 18 நாள். உயிர்மெய்க் குறிகளுக்கு ஒரு வாரம் கூட்டிக்கொண்டாலும், ஒரு மாதத்துக்குள் பஸ் போர்டு படித்துவிடலாம். போர்டுதான் சரியான பரீட்சை. ஊர்ப் பெயர் முன்பே தெரியும் என்பதால் கொல்லங்கோடு, நெம்மாறா, ஆலத்தூர் என்று பாதி எழுத்து தெரிந்தாலே மீதி பிடிபடும். ஆறேழு வாரத்தில் செய்தித்தாள் தலைப்புக்குப் போகலாம்.

தடுக்கும் இடங்கள் இரண்டு. த-வர்க்கத்தில் அழுத்தம் மட்டும் மாறும் எழுத்துகள் வடிவத்திலும் ஒன்றுபோல் இருக்கும், அவற்றை ஒரே நாளில் படிக்காமல் வாரம் விட்டுப் படியுங்கள். இரண்டாவது கூட்டெழுத்து. 1971 எழுத்துச் சீர்திருத்தத்தில் நிறைய எளிமையாக்கினாலும் கடைப் பலகைகளில் பழைய வடிவங்கள் வரும், பார்த்துப் பார்த்துத்தான் பழக வேண்டும்.

ஆப்பில் கற்காதீர்கள். கோடு போட்ட நோட்டும் ஒன்றாம் வகுப்புப் பாடப்புத்தகமும் போதும். ஆப்பைத் திறந்தால் தொடர் நாள் கணக்கைக் காப்பாற்றுவதே படிப்பாகிவிடும், மேலே நோட்டிஃபிகேஷன் வேறு. மூன்று நாள் விட்டாலும் இதில் பெரிதாக ஒன்றும் கெடாது, ஒரு நாள் திரும்பப் பார்த்தால் போதும். களைத்த ஆளுக்கு இது முக்கியமான வசதி.

செண்டை, மிருதங்கம்

ஐந்தில் அதிகம் கேட்பதும் அதிகம் தருவதும் இதுதான், ஆனால் எல்லோருக்கும் சொல்ல முடியாது. செண்டை பழகுகிறவர் கையில் முதலில் செண்டை வராது. கருங்கல்லோ மரக்கட்டையோ, புளியங்கம்பு, கணபதிக்கை என்ற முதல் பாடம். மணிக்கட்டு இளகும்வரை மாதக்கணக்கில் கல்லைத்தான் அடிக்க வேண்டும். இரவு எட்டு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வராமல் இருப்பது ஒரு லாபம். மிருதங்கம் என்றால் ஒவ்வொரு முறையும் தொப்பியில் (இடப்பக்கத் தோலில்) ரவையைப் பிசைந்து ஒட்டி, முடிந்ததும் சுரண்டி எடுக்க வேண்டும், விட்டுவைத்தால் தோல் கெடும். தொடங்கப் பத்து நிமிடம் ஆகும் எந்த வேலையும் இரண்டு விநாடிப் போனிடம் தோற்கும். அதனால் களைத்த நாட்களில் வாத்தியத்தைத் தொடாமல் தொடையில் தாளம் போட்டு "த தி தொம் நம்" என்று சொல்கட்டை மூன்று வேகத்திலும் வாயால் சொன்னாலே அன்றைய கணக்கு முடிந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டும். சுருதிக்கும் தாளத்துக்கும் போனில் ஆப் வைப்பது திருடனிடம் சாவி கொடுப்பது. சுருதிப்பெட்டி வாங்குங்கள், அல்லது சிம் இல்லாத பழைய போன்.

பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதரும் (1896–1974) மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயரும் (1912–1981) பெயரெடுத்துக் கொடுத்த பக்கம் என்பதால் ஆசிரியருக்குப் பஞ்சமில்லை. ஆனால் நடந்துபோகும் தூரத்தில் ஒரு ஆசான், கூடப் பழக ஒரு ஆள், இரண்டும் இல்லையென்றால் தொடங்காதீர்கள். முதல் ஆறு மாதம் கேட்க நன்றாகவே இருக்காது. அந்தக் காலத்தைத் தனியாகத் தாண்டுகிறவர்கள் குறைவு.

யார் எதை எடுப்பது

முன்பு நாலைந்தைத் தொடங்கி விட்டவர் நேராகச் செண்டைக்குப் போகக் கூடாது. தினமும் வீட்டில் இருப்பவர் கீரையிலும், ஷிப்ட் மாறுகிறவர் மாவடுவிலும் தொடங்கலாம். சின்னக் குழந்தை இருக்கிற வீட்டுக்குக் கீரைதான், முளை வந்ததா என்று அது நம்மைக் கேட்டுத் துளைத்துவிடும். தினமும் பொள்ளாச்சிக்கோ பாலக்காட்டுக்கோ பஸ்ஸில் போய் வருகிறவர் மலையாளத்தை எடுக்கட்டும். ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால், மாவடுவையும் மலையாளத்தையும் ஜோடி சேர்ப்பதுதான் நல்லது. நம்பிக்கைக்கு ஒன்று, நேரத்துக்கு ஒன்று. இரண்டாம் வருஷம் செண்டையைப் பற்றி யோசிக்கலாம்.

21 நாளில் பழக்கமாகிவிடும் என்று எண்ணிக் காலண்டரில் குறிக்க வேண்டாம். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் அளவுக்குப் பழக எடுத்த காலத்தின் இடைநிலை 66 நாள், ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரை போனது. இடையில் ஒரு நாள் விட்டதால் எதுவும் பாழாகவில்லை. எதை எடுத்தாலும் முதல் நாள் செய்ய வேண்டியது சார்ஜரை மாற்றுவதுதான். நோட்டும் பேனாவும் உட்காரும் இடத்தில் திறந்தபடி இருக்கட்டும், அலமாரிக்குள் போனால் அதோடு சரி.

இதை ஆடியில் படிக்கிறவர்களுக்கு மாவடு கிடைக்காது. தை வரை காத்திருக்க வேண்டாம், எலுமிச்சையில் தொடங்கலாம். பன்னிரண்டு பழம், நூறு கிராம் கல்லுப்பு, ஒரு டீஸ்பூன் மஞ்சள்தூள். எட்டுப் பழத்தை நான்காக வகிர்ந்து போட்டு, மீதி நான்கின் சாற்றைப் பிழிந்து ஊற்றி, அதே போல இரண்டு வேளை குலுக்கல். பத்தாம் நாள் தோலை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். நகம் இறங்கினால் மிளகாய்த்தூளும் வறுத்த வெந்தயத்தூளும் போடலாம். இறங்கவில்லையென்றால் இன்னும் ஒரு வாரம் விட்டுவையுங்கள், காற்று மாதத்தில் வெயில் குறைவு என்பதால் கொஞ்சம் தாமதமாகும்.